வீடு விலைபோய்விட்டது, சொலிசிட்டரிடம் கோப்பு நகரவில்லை: இங்கிலாந்தில் வீடு விற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ குரொய்டனிலோ வீட்டை விலைபேசி முடித்துவிட்டு, "லோயரிடமிருந்து ஒரு பதிலும் இல்லை" என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான் இது பொருந்தும். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு, நடைமுறையும் வேறு.

விலை பேசி முடிந்து எத்தனை நாளில் விற்பனை முடிய வேண்டும்? எப்போதிருந்து அதைத் தாமதம் என்று சொல்லலாம்?

விலை ஒத்துக்கொண்ட நாளிலிருந்து சாவி கைமாறும் நாள்வரை மூன்று, நான்கு மாதம் என்பது இங்கே சாதாரணம். வாங்குபவர் மோர்ட்கேஜ் இல்லாமல் வாங்குகிறார், வீடு ஃப்ரீஹோல்ட் (நிலமும் சேர்ந்து சொந்தம்), முன்னும் பின்னும் செயின் (ஒரு விற்பனை முடிந்தால்தான் அடுத்தது முடியும் என்ற தொடர்) எதுவும் இல்லை என்றால் இரண்டு மாதத்துக்குள்ளும் முடியும். லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை) ஃபிளாட், கூடவே நாலு வீட்டுச் செயின் என்றால் ஆறு மாதம் போகலாம்.

அதனால் மொத்த நாளை எண்ணிப் பதறுவதில் பயனில்லை. கடைசி இரண்டு வாரத்தில் ஏதாவது ஒரு தாள் போயிருக்கிறதா, வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வாரமாக எதுவுமே அசையவில்லை என்றால் அது தாமதம். உடனே விசாரிக்க வேண்டும்.

விலை ஒத்துக்கொண்ட பிறகு வாங்குபவர் பின்வாங்க முடியுமா?

முடியும். ஊரில் அட்வான்ஸ் வாங்கி, அக்ரிமென்ட் எழுதிவிட்டால் பாதி கவலை தீர்ந்துவிடும். இங்கே அப்படி ஒரு கட்டம் ஆரம்பத்தில் இல்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடு, நிலம் விற்கும் ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைச் சொலிசிட்டர்கள் மாற்றிக்கொள்ளும் நாள்தான் எக்ஸ்சேஞ்ச். வழக்கமாக 10 சதவீத டெபாசிட் போவதும் அன்றுதான். அதுவரை வாங்குபவரும் விலகலாம், நீங்களும் விலகலாம், யாரும் யாருக்கும் நஷ்டஈடு தர வேண்டியதில்லை.

தாமதத்தைப் பற்றி இவ்வளவு அக்கறைப்பட வேண்டியிருப்பதும் இதனால்தான். இழுபட இழுபட வாங்குபவர் வேறு வீடு பார்ப்பார், அவருடைய மோர்ட்கேஜ் ஆஃபர் காலாவதியாகும், வட்டி வீதம் மாறும். கடைசி வாரத்தில் விலையைக் குறைத்துக் கேட்பதும் நடக்கும்.

ஏன் இவ்வளவு இழுபறி? சொலிசிட்டர் வேலையே செய்வதில்லையா?

சில இடங்களில் உண்மையிலேயே அப்படித்தான். குறைந்த கட்டணத்துக்கு நிறையக் கோப்புகளை எடுத்துக்கொண்டு, ஒரே ஆள் தலையில் ஏற்றிவைக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே சத்தம் போடுகிறவரின் கோப்புதான் மேலே வரும்.

ஆனால் பெரும்பாலும் கோப்பு ஏதோ ஒரு தாளுக்காக நிற்கிறது. கவுன்சிலிடமிருந்து வரவேண்டிய சேர்ச் (வீட்டைப் பற்றிய பதிவுகளைத் தேடித் தரும் அறிக்கை), ஃபிளாட் கட்டடத்தைப் பராமரிக்கும் மேனேஜிங் ஏஜென்டிடமிருந்து வரவேண்டிய பொதி, வங்கியிடமிருந்து வரவேண்டிய மோர்ட்கேஜ் ஆஃபர், வாங்குபவர் காட்டவேண்டிய பணத்தின் மூலம், அல்லது நீங்களே இன்னும் நிரப்பித் தராத ஒரு படிவம். சொலிசிட்டர் அதைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார், நீங்கள் அவருக்காகக் காத்திருக்கிறீர்கள், என்ன வரவேண்டும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியவில்லை.

அதனால் "என்ன ஆச்சு, ஏதாவது முன்னேற்றம் உண்டா?" என்று கேட்காதீர்கள். "நடந்துகொண்டிருக்கிறது" என்ற பதில்தான் வரும். "இப்போது யாரிடமிருந்து எந்தத் தாள் வரவேண்டும்? அதை எந்தத் தேதியில் கேட்டீர்கள்? கடைசியாக எப்போது நினைவூட்டினீர்கள்?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற சொலிசிட்டர் வேலை செய்கிறார், தாமதம் வேறெங்கோ இருக்கிறது. பதில் சொல்ல முடியாதவர் கோப்பைத் திறந்தே பார்க்கவில்லை.

கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

வேலை நடக்கும் வரிசை தெரிந்தால் போதும். முதலில் உங்கள் சொலிசிட்டர் உங்கள் அடையாளத்தைச் சரிபார்ப்பார், உங்களிடம் இரண்டு படிவம் தருவார்: வீட்டைப் பற்றிய விவரங்களுக்கு டிஏ6, எதை விட்டுப் போகிறீர்கள், எதை எடுத்துப் போகிறீர்கள் என்பதற்கு டிஏ10. லீஸ்ஹோல்ட் என்றால் டிஏ7ம் உண்டு. அவற்றோடு லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலிருந்து (அரசின் நில உரிமைப் பதிவகம்) எடுத்த உரிமைப் பதிவையும் ஒப்பந்த வரைவையும் சேர்த்து வாங்குபவர் தரப்புக்கு அனுப்புவார். இதுதான் ஒப்பந்தப் பொதி.

அங்கிருந்து பந்து அவர்கள் பக்கம். அவர்கள் கவுன்சில், தண்ணீர்க் கம்பனி, சுற்றுச்சூழல் சேர்ச்களை எடுப்பார்கள். வாங்குபவரின் வங்கி வீட்டை மதிப்பிடும். எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுத்தில் கேள்விகள் அனுப்புவார்கள். இங்கே எல்லோரும் என்குவைரிஸ் என்பது இதைத்தான். பதில்கள் திருப்தி என்றால் தன் கட்சிக்காரருக்கு ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு எக்ஸ்சேஞ்ச், ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கம்ப்ளீஷன், அதாவது பணமும் சாவியும் கைமாறும் நாள்.

இழுபறி அதிகம் நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, ஒப்பந்தப் பொதி வெளியே போவதற்கு முன். மற்றது, கேள்வி பதில் கட்டம். முதலாவதைப் பற்றி ஒரு வரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: "ஒப்பந்தப் பொதி எந்தத் தேதியில் போனது?" விலை பேசி ஒரு மாதமாகியும் அது போகவில்லை என்றால், பெரும்பாலும் தவறு உங்கள் பக்கத்தில்: உங்களிடமோ உங்கள் சொலிசிட்டரிடமோ.

தொலைபேசியை எடுப்பதில்லை, மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. என்ன செய்வது?

ஒரு நாளில் நாலு தடவை அழைப்பதைவிட, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவைத்துக்கொண்டு அந்த நாளில் எழுத்தில் கேட்பது நல்லது. வெள்ளிக்கிழமையையும் மாதக் கடைசியையும் தவிருங்கள். கம்ப்ளீஷன்கள் குவிவது அப்போதுதான், யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது.

மின்னஞ்சல் சுருக்கமாக, பதில் சொல்ல எளிதாக இருக்கட்டும். உதாரணமாக இப்படி: "எங்கள் வீட்டு விற்பனை, கோப்பு எண் இன்னது. வாங்குபவர் தரப்பு 3ஆம் தேதி அனுப்பிய கேள்விகளில் எவை இன்னும் பதில் இல்லாமல் நிற்கின்றன? அவற்றில் நான் தரவேண்டியது எது, நீங்கள் தரவேண்டியது எது, மேனேஜிங் ஏஜென்ட் தரவேண்டியது எது? வியாழக்கிழமைக்குள் இரண்டு வரி பதில் போதும்." இதைப் படிக்கும் ஆள் கோப்பைத் திறந்தே ஆகவேண்டும். "ரொம்பக் கவலையாக இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள்" என்று ஒரு பக்கம் எழுதினால் அதை நாளைக்கு என்று தள்ளிவைத்துவிடுவார்கள்.

பதில் வரவில்லையா? உதவியாளரை அழைத்துக் கேளுங்கள். அவருக்குப் பல சமயம் சொலிசிட்டரைவிட நன்றாகத் தெரியும். சொலிசிட்டர் விடுமுறையில் போனால் கோப்பை யார் பார்ப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் இரண்டு வாரம் வீணாவது இப்படித்தான்.

எதிர்த்தரப்புச் சொலிசிட்டரிடம் நானே நேரில் பேசலாமா?

வேண்டாம். நீங்கள் அவருடைய கட்சிக்காரர் இல்லை, அவர் பேசவும் மாட்டார். வாங்குபவரோடு நேரடியாகப் பேசத் தடை எதுவும் இல்லை. இரண்டு பேரும் பேசி, "உங்கள் லோயர் எங்களிடமிருந்து இன்னதற்காகக் காத்திருப்பதாகச் சொல்கிறார், எங்கள் லோயரோ அதைப் போன வாரமே அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்" என்று ஒப்பிட்டுப் பார்த்தால் முடிச்சு எங்கே என்று தெரிந்துவிடும். விலையையும், வீட்டில் எதை விட்டுப் போவீர்கள் என்பதையும் மட்டும் அந்தப் பேச்சில் தொடாதீர்கள்.

எஸ்டேட் ஏஜென்டுக்கு இதில் என்ன வேலை?

நிறைய. பெரிய ஏஜென்சிகளில் இதற்கென்றே சேல்ஸ் புரோகிரஸர் என்று ஓர் ஆள் இருப்பார். செயினில் உள்ள எல்லா ஏஜென்டுகளையும் சொலிசிட்டர்களையும் அழைத்து எங்கே நிற்கிறது என்று விசாரிப்பது அவர் வேலை. விற்பனை முறிந்தால் பொதுவாக ஏஜென்டுக்குக் கமிஷன் கிடைக்காது, அதனால் தூண்டிவிட்டால் ஓடுவார்கள். செயினில் ஒவ்வொரு வீடும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏஜென்ட் சிபாரிசு செய்யும் சொலிசிட்டரைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. அந்தச் சிபாரிசுக்குப் பின்னால் பரிந்துரைக் கட்டணம் இருக்கலாம். எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் சொன்னால் இன்னும் பத்து வருகிறது. இதற்கு முடிவே இல்லையா?

நம்மவர் வீடுகளில் இது அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பிள்ளைகள் பெருகப் பெருக மேலே லொஃப்ட் போடுவோம், பின்னால் சமையலறையை நீட்டுவோம், தெரிந்த ஆளை வைத்து ஜன்னல் மாற்றுவோம். பில்டர் வேலையை முடித்துப் போய்விடுவார். கட்டட விதிப்படி வேலை நடந்ததா என்று பார்க்கும் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் தரும் கடைசிச் சான்றிதழை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பதினைந்து வருடம் கழித்து வீட்டை விற்கும்போது அந்தத் தாள் எங்கே என்று கேள்வி வரும்.

வாங்குபவர் தரப்பு வழக்கமாகக் கேட்கும் தாள்களை இப்போதே தேடிவையுங்கள்: எக்ஸ்டென்ஷன், லொஃப்ட் இரண்டுக்கும் திட்ட அனுமதி தேவைப்பட்டிருந்தால் அது, பில்டிங் ரெகுலேஷன் முடிவுச் சான்றிதழ், 2002 ஏப்ரல் 1க்குப் பிறகு மாற்றிய ஜன்னல்களுக்கு ஃபென்சா (ஜன்னல் வேலைக்குச் சான்றளிக்கும் அமைப்பு) அல்லது அதற்கு ஈடான சான்றிதழ், 2005க்குப் பிறகு செய்த பெரிய மின்வேலைக்கான சான்றிதழ், பொய்லர் பொருத்திய தாள். ஃபென்சா தொலைந்திருந்தால் அவர்கள் இணையதளத்தில் நகல் வாங்கலாம்.

சான்றிதழே இல்லை என்றால் இரண்டு வழி. சிறிய, பழைய வேலை என்றால் இன்டெம்னிட்டி காப்புறுதி (சான்றிதழ் இல்லாததால் பின்னால் வரும் நஷ்டத்தை ஈடுசெய்வது) ஒன்றை எடுத்துக் கொடுத்தால் வாங்குபவர் தரப்பு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஒரே தடவை கட்டும் பணம், சில நாளில் கிடைத்துவிடும். இன்னொரு வழி, கவுன்சிலுக்கு விண்ணப்பித்து அவர்கள் ஆளை வரவழைத்து, முடிந்துபோன வேலையை இப்போது முறைப்படுத்துவது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும், சுவரையோ தரையையோ ஒரு இடத்தில் திறந்து காட்டச் சொல்லலாம். ஆனால் லொஃப்டில் பிள்ளைகள் படுக்கிறார்கள், மாடிப்படியும் தீப்பாதுகாப்பும் சரியா என்று யாரும் பார்த்ததே இல்லை என்றால் இந்த வழிதான் நேர்மையானது. காப்புறுதித் தாள் தீயை நிறுத்தாது.

இதில் ஒரு பெரிய எச்சரிக்கை. எந்த வழி என்று சொலிசிட்டரோடு முடிவு செய்யும்வரை கவுன்சிலை அழைத்து விசாரிக்காதீர்கள். "எங்கள் வீட்டு லொஃப்டுக்குச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்ட அந்த ஓர் அழைப்பே போதும், பிறகு காப்புறுதிக் கம்பனி அந்தக் காப்புறுதியைத் தராது.

கேள்விகள் நியாயமில்லாமல் நீண்டால், "இது சர்வேயர் பார்க்க வேண்டிய விஷயம், நாங்கள் பதில் சொல்லத் தேவையில்லை" என்று உங்கள் சொலிசிட்டர் மறுக்கலாம். மறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் உங்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் சிலருக்கு எளிது.

ஃபிளாட் விற்கிறேன். மேனேஜிங் ஏஜென்டிடமிருந்து தாள் வரவில்லை என்கிறார்கள்.

லீஸ்ஹோல்ட் விற்பனையில் அதிகம் இழுபடுவது இதுதான். எல்பிஇ1 என்ற படிவத்தை ஃப்ரீஹோல்டரோ மேனேஜிங் ஏஜென்டோ நிரப்ப வேண்டும்: சேர்விஸ் சார்ஜ் எவ்வளவு, பாக்கி உண்டா, பெரிய திருத்தவேலை வரப்போகிறதா, கட்டடக் காப்புறுதி யாரிடம், இப்படி. மூன்று வருடக் கணக்குகளும் கூட வரவேண்டும். இதற்குச் சில நூறு பவுண்டு கேட்பார்கள், அந்தக் காசு உங்களிடமிருந்து வரும்வரை விரலை அசைக்க மாட்டார்கள். காசு வந்த பிறகும் வாரக்கணக்கில் ஆகலாம்.

அதனால் வாங்க ஆள் கிடைத்த அன்றே இதற்குப் பணம் கட்டச் சொல்லுங்கள். சேர்விஸ் சார்ஜ், கிரவுண்ட் ரென்ட் (நில வாடகை) பாக்கி இருந்தால் அதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள். பாக்கியைக் காரணம் காட்டிப் பொதியை நிறுத்திவைக்கிறார்கள். மேனேஜிங் ஏஜென்டை நீங்களே அழைக்கலாம். அவர்களுக்கு நீங்கள்தான் வாடிக்கையாளர், சொலிசிட்டரின் அழைப்பைவிட உங்கள் அழைப்புக்கு மதிப்பு அதிகம்.

இங்கிலாந்தில் ஐந்து மாடிக்கோ 11 மீட்டர் உயரத்துக்கோ குறையாத கட்டடம் என்றால் 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் கையெழுத்திட்டுத் தரவேண்டிய குத்தகைக்காரர் சான்றுப் பத்திரம் ஒன்றும், ஃப்ரீஹோல்டர் தரவேண்டிய சான்றிதழ் ஒன்றும் உண்டு. இப்படிப்பட்ட ஃபிளாட்டுகளின் வேலையை எடுக்காத சொலிசிட்டர்களும் இருக்கிறார்கள். பாதிவழியில் கைவிடாமல் இருக்க, ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

என் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், வீட்டுப் பத்திரத்தில் ஒரு பெயர். இதனால் விற்பனை நிற்குமா?

நின்றிருக்கிறது, பலருக்கு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான். வீடு வாங்கிய காலத்தில் இலங்கைப் பாஸ்போர்ட்டிலோ இந்தியப் பாஸ்போர்ட்டிலோ தகப்பன் பெயர் முன்னால் இருந்திருக்கும், அல்லது வெறும் தலைப்பெழுத்தாக இருந்திருக்கும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தபோது வரிசை மாறியிருக்கும், ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு இன்னொரு மாற்றம்.

லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உள்ள உரிமையாளரும் கையெழுத்திடும் நீங்களும் ஒரே ஆள் என்று தாள் மூலம் காட்டியாக வேண்டும். திருமணச் சான்றிதழ், பெயர் மாற்றப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவை உதவும். எதுவும் இல்லை என்றால் வேறொரு சொலிசிட்டர் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்கலாம். கடினமான வேலை இல்லை, ஆனால் எக்ஸ்சேஞ்ச் வாரத்தில் கண்டுபிடித்தால் எல்லாரையும் நிறுத்தும். லேண்ட் ரெஜிஸ்ட்ரி இணையதளத்தில் 7 பவுண்டு கட்டினால் உங்கள் வீட்டுப் பதிவை நீங்களே பார்க்கலாம். வீட்டை விளம்பரம் செய்வதற்கு முன்பே எடுத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கட்டி முடித்த பழைய கடன் ஏதாவது இன்னும் பதிவில் நிற்கிறதா என்றும் அதே தாளில் தெரியும்.

வீடு இருவர் பெயரில். மனைவி யாழ்ப்பாணத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அவருக்காக நான் கையெழுத்துப் போடலாமா?

பவர் ஒஃப் அட்டர்னி (தனக்காகக் கையெழுத்திட ஒருவரை அட்டர்னியாக நியமிக்கும் பத்திரம்) கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பேர் பெயரில் உள்ள வீட்டின் விற்பனைப் பணத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். நீங்களே உங்களுக்காகவும், மனைவியின் அட்டர்னியாகவும் கையெழுத்துப் போட்டால் அது ஒரே ஆள் கணக்குத்தான், செல்லாது. அதனால் மனைவி மூன்றாவது ஒருவரை, உதாரணமாக வயது வந்த மகளையோ மகனையோ, அட்டர்னியாக நியமிக்க வேண்டும்.

அதைவிட எளிது, டிஆர்1 என்ற உரிமைமாற்றப் பத்திரத்தைக் கூரியரில் அனுப்பி அவரே கையெழுத்திடுவது. சாட்சி அவர் பக்கத்தில் நேரில் இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கணவன், பிள்ளைகள் போன்ற குடும்பத்தார் இல்லாமல் வெளியாள் ஒருவர் சாட்சியாக இருந்தால் கேள்வி வராது. சாட்சியின் பெயர், முகவரி தெளிவாக இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே சொலிசிட்டரிடம் "ஓர் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள். அவருடைய அடையாளச் சரிபார்ப்புக்கும் அங்கே ஒரு நொத்தாரிசு தேவைப்படலாம்.

உரிமையாளர் இறந்துவிட்டார். வீட்டை விற்கத் தொடங்கலாமா?

அவர் பெயரில் மட்டும் இருந்த வீடு என்றால் புரோபேட் (இறந்தவரின் சொத்தைக் கையாளச் சட்டப்படி தரும் அனுமதி) கிடைக்கும்வரை விற்பனையை முடிக்க முடியாது. விளம்பரம் செய்யலாம், விலை பேசலாம், ஆனால் வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இருவர் பெயரில், ஜொயின்ட் டெனன்ட்ஸ் (ஒருவர் இறந்தால் முழு வீடும் மற்றவருக்கு) என்று இருந்திருந்தால் மிஞ்சியவர் இறப்புச் சான்றிதழோடு விற்கலாம். பதிவில் தனித்தனிப் பங்கு என்பதற்கான கட்டுப்பாடு இருந்தால் இன்னொருவரையும் உரிமையாளராக நியமிக்க வேண்டிவரும். இறப்புச் சான்றிதழ் இலங்கையிலோ இந்தியாவிலோ எடுத்தது என்றால், தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டும்.

வாங்குபவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் சொலிசிட்டர் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். இதெல்லாம் தேவையா?

தேவை. 2017ஆம் ஆண்டுப் பணமோசடித் தடுப்பு விதிகள் சொலிசிட்டருக்கு அந்தக் கடமையை வைத்திருக்கின்றன. தவறினால் அவர் தொழிலே போகும், அதனால் அவரைக் குறைசொல்ல முடியாது.

வாங்குபவரும் நம்மவர் என்றால் இடறுவது பெரும்பாலும் மூன்று விஷயத்தில். சீட்டுக் காசு: கையில் கட்டி, கையில் எடுத்ததற்கு வங்கிப் பதிவு இருக்காது. சொந்தக்காரர் கைமாற்றாகத் தந்தது: அது அன்பளிப்பா கடனா என்று எழுத்தில் வேண்டும், தந்தவரின் அடையாளமும் வங்கிக் கணக்கும் வேண்டும், அந்த வீட்டில் தனக்கு உரிமை இல்லை என்று அவர் கையெழுத்திட வேண்டும். ஊரில் காணி விற்று வந்தது: உறுதிப் பத்திரத்தின் நகல், மொழிபெயர்ப்பு, பணம் வந்த வழி எல்லாம் காட்ட வேண்டும். பத்துப் பேரிடம் ஐயாயிரம் ஐயாயிரமாக வாங்கிச் சேர்த்த டெபாசிட் என்றால் பத்துப் பேரையும் விசாரிப்பார்கள்.

விற்பவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. விலையை ஒத்துக்கொள்ளும் முன் ஏஜென்டிடம் "டெபாசிட் எங்கிருந்து வருகிறது? தாள்களைக் கண்ணால் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். ஐயாயிரம் பவுண்டு அதிகம் தருகிறேன் என்கிறவரைவிட, சம்பளச் சேமிப்பைக் கணக்கில் காட்டுகிறவர் நல்ல வாங்குபவர்.

வாங்குபவருக்குக் கெடு வைக்கலாமா?

வைக்கலாம், ஒரே ஒரு தடவை. தடையாக இருப்பது உண்மையிலேயே வாங்குபவர் தரப்புத்தான் என்று உறுதிசெய்த பிறகு, "இந்தத் தேதிக்குள் எக்ஸ்சேஞ்ச் ஆகாவிட்டால் வீட்டை மறுபடியும் சந்தைக்கு விடுவோம்" என்று ஏஜென்ட் வழியாக எழுத்தில் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வாரம் கொடுங்கள். சொன்னபடி செய்யத் தயாராக இல்லாவிட்டால் சொல்லாதீர்கள். கவுன்சில் சேர்ச் வராமல் நிற்கிறது என்றால் கெடு வைப்பதில் பயனில்லை. சில கவுன்சில்கள் சில நாளில் தருகின்றன, சில பல வாரம் எடுக்கின்றன, அதை வாங்குபவரால் மாற்ற முடியாது.

பாதிவழியில் சொலிசிட்டரை மாற்றலாமா?

உரிமை இருக்கிறது. ஒப்பந்தப் பொதி இன்னும் போகவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். கேள்வி பதில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்றால் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. புதியவர் அடையாளச் சரிபார்ப்பிலிருந்து தொடங்குவார், கோப்பு முழுவதையும் படிப்பார், இரண்டு மூன்று வாரம் போய்விடும். பழையவர் அதுவரை செய்த வேலைக்குக் காசு கேட்பார், கட்டும்வரை கோப்பைத் தராமல் வைத்திருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதே அலுவலகத்தில் வேறொருவரிடம் கோப்பை மாற்றச் சொல்லிப் பங்காளர் (பார்ட்னர்) ஒருவருக்கு எழுதுவதுதான் அந்தக் கட்டத்தில் வேகமான வழி.

தமிழ் பேசும் சொலிசிட்டரிடம் போவது நல்லதா?

வயதான பெற்றோர் பெயரில் வீடு இருந்தால் பெரிய ஆறுதல். கையெழுத்திடுவது என்ன என்று அவர்களுக்கே புரியும். ஆனால் நம்மவர் அலுவலகங்களில் பலவற்றுக்கு முக்கிய வேலை குடிவரவு வழக்குகள். வீட்டு விற்பனையை அன்றாட வேலையாகச் செய்கிற ஆள் அங்கே இருக்கிறாரா, அவர் கையில் உங்கள் கோப்பு இருக்குமா என்று கேளுங்கள். சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதாரிட்டியின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். லைசென்ஸ்ட் கன்வேயன்சர் என்பவர்களும் இதே வேலையை முழுத் தகுதியோடு செய்கிறார்கள், அவர்களைக் கண்காணிக்கும் அமைப்பு வேறு.

முறைப்பாடு செய்தால் வேகம் கூடுமா?

அலுவலகத்துக்குள் செய்யும் முறைப்பாடு பல சமயம் கூட்டும். வேலை தொடங்கும்போது அவர்கள் அனுப்பிய கடிதத்தில் யாரிடம் முறைப்பாடு செய்வது என்று எழுதியிருக்கும். "இது முறையான முறைப்பாடு" என்ற வார்த்தைகளோடு அவருக்கு எழுதுங்கள். தேதிகளைப் போடுங்கள்: எப்போது கேட்டீர்கள், எத்தனை நாள் பதில் இல்லை, உங்களுக்கு என்ன நஷ்டம்.

எட்டு வாரத்தில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், லோயர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். இலவசம். அலுவலகத்தின் கடைசிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள்ளும், தவறு நடந்து அல்லது தெரியவந்து ஒரு வருடத்துக்குள்ளும் போக வேண்டும். நஷ்டஈடாக 50,000 பவுண்டு வரை தரச்சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே தீர்ப்பு வர நீண்ட காலம் ஆகும், நடந்துகொண்டிருக்கும் விற்பனையை அது தள்ளிவிடாது. எதிர்த்தரப்புச் சொலிசிட்டர் மீதும் அங்கே முறைப்பாடு செய்ய முடியாது. நேர்மையின்மை, பணம் கையாடல் போன்ற சந்தேகம் என்றால் மட்டும் ரெகுலேஷன் அதாரிட்டி.

எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டது. குறித்த நாளில் வாங்குபவர் பணம் தரவில்லை என்றால்?

இப்போது சட்டம் உங்கள் பக்கம். வழக்கமான ஒப்பந்த விதிகளின்படி கம்ப்ளீஷன் நாளில் பிற்பகல் 2 மணிக்குள் பணம் வரவேண்டும். வராவிட்டால் ஒப்பந்தத்தில் சொன்ன வட்டி ஓடத் தொடங்கும். உங்கள் சொலிசிட்டர் உடனே நோட்டீஸ் கொடுக்கலாம், அதற்குப் பிறகு 10 வேலை நாள். அதற்குள்ளும் முடிக்காவிட்டால் ஒப்பந்தத்தை ரத்துசெய்து டெபாசிட்டை வைத்துக்கொள்ளலாம். இந்த அளவுக்குப் போவது அபூர்வம். பெரும்பாலும் செயினில் கீழேயுள்ள ஒரு வங்கி பணத்தை மதியத்துக்குப் பிறகு அனுப்பியிருக்கும், சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். லொறியில் சாமான் ஏற்றிவிட்டுத் தெருவில் நிற்காமல் இருக்க, முடிந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து வேறொரு நாளைக் குறியுங்கள்.

விற்ற பணம் எப்போது கைக்கு வரும்?

அதே நாளில் அல்லது மறுநாள். உங்கள் மோர்ட்கேஜ் பாக்கி, ஏஜென்ட் கமிஷன், தன் கட்டணம் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைச் சொலிசிட்டர் அனுப்புவார். நிலையான வட்டிக் காலம் முடிவதற்குள் கடனை அடைத்தால் வங்கி அபராதம் எடுக்கும். அந்தக் காலம் முடியும் தேதியை ஆரம்பத்திலேயே சொலிசிட்டரிடம் சொல்லிவைத்தால் கம்ப்ளீஷனை அதற்கேற்பக் குறிக்கலாம்.

உங்கள் வங்கிக் கணக்கு எண்ணை நேரிலோ, நீங்களே அழைத்த தொலைபேசியிலோ உறுதிசெய்யுங்கள். கடைசி வாரத்தில் "எங்கள் வங்கி விவரம் மாறிவிட்டது" என்று வரும் மின்னஞ்சல் திருடர்களுடையது. விற்றது நீங்கள் குடியிருந்த வீடு இல்லை, வாடகைக்கு விட்டது என்றால், லாபத்துக்கு வரி வருகிறதா என்று கணக்காளரிடம் உடனே கேளுங்கள். வரி இருந்தால் கம்ப்ளீஷன் நாளிலிருந்து 60 நாளுக்குள் அறிவித்துக் கட்ட வேண்டும். பல சொலிசிட்டர்கள் இதை நினைவூட்டுவதில்லை.